அவள் கைக்கு நான் ரொப்பிய கணக்கு

நம் சபைப் பத்திரிகையை வாசிக்கிற அன்பானவர்களுக்கு, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஜெயசிங் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் என் மனைவி செல்வராணியும் எங்கள் பிள்ளை ஜெனியும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு ஸ்தோத்திரம்.

இது என்னுடைய இரண்டாவது சாட்சி. முதல் சாட்சியை உங்களில் பலர் மறைமலை நகர் சபையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். என் மனைவியின் உணர்வில்லாத கை தினமும் இருநூறு தடவை மடங்கி நிமிருகிறது என்று சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். பின்வரிசையில் அம்மாமார் அழுதார்கள். அது பொய். பாஸ்டர் ஐயா முன்னால் முழங்காலில் நின்று ஒத்துக்கொண்டாயிற்று. ஆனாலும் நீங்கள் எல்லாரும் கேட்ட பொய்யை ஒருவர் காதில் மட்டும் திருத்தினால் போதாது என்று ஐயா சொன்னார். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004-ஆம் வருடம் ஜூன் மாதம். நான் மறைமலை நகரில், இரும்புத் தகட்டை அடித்து வடிவெடுக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். ராணி ஒரகடம் பக்கம், காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் லைனில் நின்றாள். இரண்டு பேருக்கும் ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணம் முடிந்த கையோடு வடக்கே வந்துவிட்டோம். ஜெனிக்கு அப்போது ஒன்பது மாதம். பிள்ளைக்குப் பால் கொடுத்து, வீட்டுக்கார அக்கா கன்னியம்மாவிடம் விட்டுவிட்டு, ராணி ஷேர் ஆட்டோ ஏறிப் போவாள்.

அன்றைக்குக் காலையில் மழை பிடித்தது. நான் குடையைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தேன். நமக்குக் கோபம் மூக்கு நுனியில். “மூஞ்சிக்கு முன்னால தொங்குது, தேடுதாவளாம் தேடி” என்று சிரித்துக்கொண்டே படி இறங்கினாள். அதற்குப் பிறகு அவள் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்கவில்லை.

முன்னால் போன லாரி திடீரென்று நின்றதாம். ஆட்டோ சரிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. ஓரத்தில் இருந்த ராணியின் தலை மட்டும் ரோட்டில் பட்டது. மண்டைக்குள் இடது பக்கம் ரத்தம் கட்டி, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். இருபத்திரண்டு நாள் கண்ணைத் திறக்கவில்லை. நான் வராந்தாவில் படுத்துக் கிடந்தேன். என்ன ஜெபித்தேன் என்று எனக்கே நினைவில்லை. “ஆண்டவரே, ஆண்டவரே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

கண்ணைத் திறந்தாள். உயிர் பிழைத்தாள். ஆனால் பேச்சு போயிற்று. நாம் சொல்வது அவளுக்குப் புரியும், பதில் சொல்ல வாய் வராது. வலது கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, இழுத்து இழுத்து நடந்தாள். வலது கை வரவே இல்லை. தோளில் யாரோ கட்டித் தொங்கவிட்ட மாதிரி தொங்கியது. லைனில் அவள் கை வேகத்தைப் பார்த்து சூப்பர்வைசரே நின்றுவிடுவார் என்று அவளோடு வேலை செய்த பிள்ளைகள் வந்து சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் அவர்களை வெளியே போகச் சொன்னேன். என்னால் கேட்க முடியவில்லை.

பிள்ளையை மாமியார் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷிஃப்டுக்குப் போகிற நான் யாரையென்று பார்ப்பேன்? கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: “ஒத்தக் கையால பிள்ளைய எப்படி மாப்ள தூக்குவா? கீழ போட்டுட்டான்னா? கை வரட்டும். கை வந்துட்டுன்னு ஒரு போன் போடுங்க, அன்னைக்கே பஸ் ஏறிருதோம்.”

ராணி உள்ளேயிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு நனைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் கிடந்தும், பிள்ளையைப் பார்த்ததும் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கன்னியம்மா அக்கா துணி வைத்துத் துடைத்துவிட்டார். அந்தக் காட்சியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அன்றிலிருந்து என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். “கர்த்தாவே, அவளுக்கு அந்தக் கையைக் கொடும். கை வந்தால் பிள்ளை வரும்.” உபவாசம் இருந்தேன். பொருத்தனை பண்ணினேன். கர்த்தரிடம் கோபப்பட்டுச் சண்டையும் போட்டேன்.

அக்டோபர் மாதம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற உமா மேடம் என்னைக் கூப்பிட்டார். ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கையில் மாட்டிக்கொள்கிற மெஷின் ஒன்று செய்திருக்கிறார்களாம். இன்னும் கடையில் விற்பதில்லை. பரீட்சை பார்க்கச் சில நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். ராணி பெயரை எழுதட்டுமா என்று கேட்டார். நான் அங்கேயே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டேன். மேடம் சிரித்தார்.

மெஷினைச் சொல்கிறேன். அலுமினியத் தகடு இரண்டு, மேல்கைக்கு ஒன்று, முன்கைக்கு ஒன்று. முழங்கை இருக்கிற இடத்தில் சின்ன மோட்டார். பட்டை போட்டுக் கையோடு கட்டிவிட வேண்டும். அதிலிருந்து வயர் ஒரு பெட்டிக்குப் போகும். மேல்கைச் சதையில் மூன்று ஸ்டிக்கர் ஒட்டவேண்டும், அதிலும் வயர். அவள் கையை மடக்க நினைத்து முயற்சி செய்தால் சதையில் துளி மின்சாரம் வருமாம். நம் கண்ணுக்குத் தெரியாத அளவு. அதை ஸ்டிக்கர் பிடித்துப் பெட்டிக்குச் சொல்லும். உடனே மோட்டார் ஓடிக் கையை மடக்கிவிடும். பெட்டியில் ஒரு நம்பர் கூடும்.

“முக்கியமான விஷயம், கேட்டுக்கோங்க” என்றார் மேடம். “மெஷின் அவங்களுக்காக வேலை செய்யாது. அவங்க முதல்ல கேக்கணும், அப்புறம்தான் அது உதவி பண்ணும். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் மூளை வேற வழி கண்டுபிடிக்கும். அடி பட்ட முதல் சில மாசம் ரொம்ப முக்கியம், அத வீணாக்கிடக் கூடாது.”

ஆறு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமைதோறும் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது வராவிட்டால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மண்ணூரிலிருந்து ஒருவர் காத்திருக்கிறார் என்றும் சொன்னார்.

முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள் பூஜ்யம். ராணி பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்வாள். கழுத்து நரம்பு புடைக்கும், நெற்றியில் வேர்வை வடியும். கை அசையாது. பெட்டியில் அந்தப் பூஜ்யம் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கும். முதல் வாரம் முழுக்க அப்படித்தான். மேடம் பெட்டியைப் பார்த்துவிட்டு, “பரவால்ல, விடாம பண்ணுங்க” என்றார். அந்த “பரவால்ல” எனக்கு இடி மாதிரி விழுந்தது.

இங்கே எங்கள் பிரஸ் ஷாப்பில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் எத்தனை அடி அடித்தது என்று ஒரு நம்பர் ஓடும். ஷிஃப்ட் முடிவில் சூப்பர்வைசர் அதைப் பார்த்துப் போர்டில் எழுதுவார். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால், வீட்டில் சாவு விழுந்து மனசு சரியில்லை என்றால், தன் பீஸை முடித்துவிட்ட பக்கத்து மெஷின்காரன் போய் அவன் மெஷினில் நின்று அடித்துக் கொடுப்பான். இந்த ஊர்க்காரப் பையன்கள் அதைக் “கவுண்ட் ரொப்புறது” என்பார்கள். யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஒரு வாரம் எனக்கு ரொப்பிக் கொடுத்தார்கள். ரொப்பத் தெரியாதவனை எங்கள் ஷாப்பில் மனுஷனாகவே மதிக்க மாட்டோம்.

நான் செய்ததும் அதுதான். பெண்டாட்டி கவுண்ட் வரவில்லை. புருஷன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இரும்பை அடித்து அடித்து உரமேறிய கை எனக்கு இருக்கிறது. இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, ஸ்டிக்கர் மாற்றுகிற சாக்கில், வயரை என் மேல்கையில் ஒட்டிக்கொண்டு முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டேன். அவள் கையில் வயரில்லாத வெறும் ஸ்டிக்கர். இடையில் போர்வை. “ம், இப்ப பண்ணு ராணி” என்று சொல்லிவிட்டு என் கையை இறுக்கினேன். மோட்டார் ஓடியது. அவள் கை மெதுவாக மடங்கி நெஞ்சுக்கு வந்தது.

ராணி சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. கண்ணீர் வழிய வழிய அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தாள். நானும் அழுதேன். பாவி, நான் அழுதது நடிப்பில்லை. அந்த நிமிஷம் அது அவளே தூக்கியது என்று நானே நம்பினேன்.

முதலில் இருபதுதான் நினைத்தேன். பிறகு ஐம்பது. பிறகு நூறு. டார்கெட்டைத் தாண்டிய பிரஸ்காரனுக்குக் கை நிற்காது. சனிக்கிழமை மேடம் பெட்டியைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். மெஷின் எங்களிடமே இருக்கட்டும் என்றார். மறுநாள் ஞாயிறு. சபையில் சாட்சி நேரம். நான் எழுந்தேன். இருநூறு என்றேன். உங்கள் கைதட்டல் ஷெட் கூரையில் மோதியது. அந்தச் சத்தத்தில் எனக்குள் ஒரு குரல் “உட்காருலே” என்றது. நான் உட்காரவில்லை. சபை முடிந்து வெளியே வந்த சூட்டோடு சூடாக எஸ்.டி.டி. பூத்தில் ஏறி மாமியாருக்கும் போன் போட்டேன். “கை வந்துட்டு அத்தை” என்றேன். மாமனாருக்கு நெல் அறுவடை, அது முடிந்ததும் வருகிறோம் என்றார்கள்.

ராணி முகம் மாறியதை நான் கவனித்தேன், ஆனால் கவனிக்க விரும்பவில்லை. சில நாள் கழித்து அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கை எழும்பும்போது இடது கையால் அதைக் கிள்ளிப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். “இன்னும் இருபதுதான் ராணி, முடிஞ்சிரும்” என்று நம்பரை ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

முதலில் கண்டுபிடித்தது கன்னியம்மா அக்கா. சாயங்காலம் காபி கொண்டுவந்தவர் என் சட்டைக் கைக்குள்ளிருந்து வயர் வருவதைப் பார்த்துவிட்டார். என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

“இன்னாப்பா இது? உன் கையில ஒட்டிகினு அவ கையத் தூக்கினு கீறியே, அப்போ அது யாரு கை?”

“யக்கா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது. மெஷின் போயிரக் கூடாதுன்னுதான்.”

“மெஷின் வூட்ல கீது, சரி. பொண்ணு எங்க கீது? அவ கண்ணப் பாத்தியா நீ?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்க வேலையப் பாருங்கக்கா” என்றேன். பிள்ளையை வளர்த்த மனுஷியிடம் அப்படிச் சொன்னேன். அவர் தம்ளரை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் மறுநாளும் வந்து ராணிக்குத் தலை பின்னிவிட்டார்.

நாலாவது சனிக்கிழமை ராணியையும் வரச் சொல்லி, மெஷின் இல்லாமல் வெறும் கையை மடக்கச் சொன்னார் உமா மேடம். ஒன்றுமில்லை. “மெஷின் போட்டா இருநூறு வருது, கழட்டினா ஒரு துடிப்புகூட இல்லையே. எனக்குப் புரியல” என்றார். அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை காலை பத்து மணி. எனக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் மாமியார் பிள்ளையோடு வந்து நின்றார். மகளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற ஆசை அவருக்கு. ஜெனிக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. மஞ்சள் கவுன், நெற்றியில் மயிர் சுருண்டிருந்தது. ராணி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது.

“இந்தா பிடி உன் மவள” என்று மாமியார் பிள்ளையை அவள் வலது பக்கம் கொடுத்துவிட்டார். ராணி எப்போதும் பிள்ளையை வலது இடுப்பில்தான் வைப்பாள். கை வந்துவிட்டதென்று மருமகன் போனில் சொல்லியிருக்கிறானே! ராணி வேண்டாம் வேண்டாமென்று தலையை ஆட்டியதை அவர் ஆனந்தம் என்று நினைத்துக்கொண்டார். கையை விட்டுவிட்டார்.

ராணியின் இடது கை நீண்டு வந்தது, அதற்குள் பிள்ளை சரிந்துவிட்டாள். தொங்கிக்கொண்டிருந்த வலது கையை உரசிக்கொண்டே கீழே விழுந்தாள். சிமெண்ட் தரையில் நெற்றி பட்டது. நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். எட்டவில்லை.

கர்த்தர் காத்தார், புடைத்ததோடு போயிற்று. ஆனால் அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஜெனி வீறிட்டு அழுதாள். கன்னியம்மா அக்கா ஓடி வந்து வாரி எடுத்தார். ராணி அப்படியே தரையில் உட்கார்ந்து, இடது கையை முஷ்டியாக்கித் தன் வலது கையைக் குத்தத் தொடங்கினாள். குத்து, குத்து, குத்து. நான் பிடித்தேன், என்னையும் குத்தினாள்.

“கை வந்துட்டுன்னு சொன்னீரே?” மாமியார் கேட்டது அது ஒன்றுதான். கத்தக்கூட இல்லை. மதியச் சாப்பாடு சாப்பிடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ரயில்வே கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் நின்றாள்.

நான் ஷிஃப்டுக்குப் போனேன். வேறு என்ன செய்வேன்? டீ பிரேக்கில் எல்லாரும் கேன்டீன் போனபோது, நான் வெட்டிப்போட்ட இரும்புத் துண்டுக் குவியலுக்குப் பின்னால் முழங்கால் போட்டேன். முழங்காலில் தகடு குத்தியது. அவள் கையைக் கொடும் என்று கேட்க வாய் வரவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்? “கர்த்தாவே, அவளுக்குத்தான் வாயில்லை. எனக்கு இருந்தது, அதை வைத்துப் பொய் சொன்னேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் உண்மை பேச எனக்கு வாயைக் கொடும்.” இவ்வளவுதான் ஜெபம். எனக்கு என்னைத் தெரியும், நான் விடிந்ததும் மாற்றிப் பேசுகிறவன். மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்று அந்த முழங்காலிலேயே ஒரு யோசனை ஓடியது.

அன்பானவர்களே, அந்த ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை ராணியை அழைத்துக்கொண்டு உமா மேடம் முன்னால் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். மெஷின் ரிப்பேர் என்பது வரவில்லை. “என் கைலதான் மேடம் ஒட்டினேன்” என்பது வந்தது. பிறகு ரொப்புகிற பழக்கத்திலிருந்து சாட்சி சொன்னது வரைக்கும் கொட்டிவிட்டேன்.

மேடம் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார். பிறகு ராணி பக்கம் திரும்பி, “கை தானா எழும்புதுன்னு உங்களுக்குப் பயமா இருந்துச்சா?” என்று கேட்டார். ராணி தலையை ஆட்டினாள். “நீங்க முயற்சி பண்ணாதப்பவும் எழும்பிச்சா?” ஆட்டினாள். “அதனால முயற்சி பண்றதையே விட்டுட்டீங்களா?” ராணி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கை தன்னுடையது இல்லை, தன்னைக் கேட்காமல் அசைகிற வேறு யாருடையதோ என்று பயந்துபோய், அவள் அதைக் கைவிட்டிருந்தாள். மூன்று வாரத்துக்கு மேல் நான் அவளுக்கு உதவி செய்யவில்லை. அவளிடமிருந்து திருடியிருக்கிறேன்.

“அந்த நாள் திரும்பி வராது ஜெயசிங்” என்றார் மேடம். “மண்ணூர்க்காரருக்கும் அதுல பங்கு இருந்துச்சு.” எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாயிருக்கும் போலிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் நீட்டித் தர முடியுமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்க எட்டு நாள் இருந்தது. “அந்த எட்டு நாளையாவது அவங்ககிட்ட விடுங்க” என்றார் மேடம்.

வீட்டுக்கு வந்ததும் ராணியின் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் ஸ்டிக்கரை எடுத்துத் தன் மேல்கையில் தானே ஒட்டினாள். நான் சரியாக ஒட்ட உதவப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாளும் பூஜ்யம். அவள் முகம் சிவக்கும், உதடு கோணும், எச்சில் வழியும். அதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது என்னைப் போன்றவனுக்கு நரகம். என் கை என்னையும் கேட்காமல் நீளும். அதனால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்படி உட்கார்ந்தபடியே ஜெபித்தேன். “அவளைத் தூக்கும் ஆண்டவரே, என்னை அழுத்திப் பிடியும்.” கன்னியம்மா அக்கா பார்த்துவிட்டு, “இன்னாப்பா, கோயி அடையில ஒக்காந்த மாரி ஒக்காந்துகினு கீற?” என்றார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரிடமும் அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். “போடா போ” என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாள். பூஜ்யம்.

ஆறாம் நாள் புதன்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். அரை மணி நேரம் போயிருக்கும். ராணி கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தை இறுக்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை, ஆனால் அந்த வாயசைவு எனக்குத் தெரியும். பிள்ளை பெயரைச் சொல்கிறாள். மோட்டார் ‘ட்ர்ர்’ என்றது. கை மடங்கி வந்தது. பெட்டியில் ஒன்று.

நான் என் சட்டைக் கையை மேலே தூக்கிப் பார்த்தேன். எனக்கே என் மேல் அவ்வளவு சந்தேகம். ஒரு வயரும் இல்லை. பிரஸ் ஷாப்பில் ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கில் அடிக்கிறவன் நான். அந்த ஒன்றைப் பார்த்துத் தரையில் விழுந்து அழுதேன். ராணி அழவில்லை. மடங்கியிருந்த கையை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தாள், காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தடவுகிற மாதிரி.

அன்றைக்கு ஒன்று. வியாழன் மூன்று. வெள்ளி நாலு. சனிக்கிழமை மெஷினைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மண்ணூர்க்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நான் யார், என்ன செய்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. மெஷினை வாங்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இதற்கு மேல் பெரிய அற்புதம் எதையும் எதிர்பார்த்து வாசிக்காதீர்கள். மெஷின் திரும்ப எங்களிடம் வரவில்லை. உமா மேடம் சொல்லிக்கொடுத்தபடி ராணி வெறுங்கையோடு முயற்சி செய்தாள். அடுத்த பிப்ரவரியில் மெஷின் இல்லாமல் கை லேசாக மடங்கியது. இன்றுவரை அது தோளுக்கு மேல் எழும்பாது. விரல் விரியாது. பேச்சு இரண்டு மூன்று சொல்லோடு நிற்கிறது. நான் திருடாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு வந்திருக்கும் என்று உமா மேடத்திடம் ஒரு நாள் கேட்டேன். “அது யாருக்கும் தெரியாது, கேக்காதீங்க” என்றார். நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் கேட்டது கை. கர்த்தர் கொடுத்தது முதலில் எனக்கு ஒரு வாய், பிறகு அவளுக்கு ஒரே ஒரு மடக்கு. குறைவு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முன்னெல்லாம் பொறுமை என்றால் கையாலாகாதவன் வேலை என்று பேசுவேன். இப்போது ராணி ஒரு தம்ளரை அந்தக் கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும் என் கை தொடைக்கு அடியில் இருக்கிறது. உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு ஜீவன் படுத்துக்கிடந்தால், இந்தத் துரோகி சொல்வதைக் கேளுங்கள். அன்பு என்று நினைத்து அவர்கள் வேலையை நீங்கள் செய்துவிடாதீர்கள். வராததை வந்தது என்று சபையில் சொல்லாதீர்கள். பூஜ்யமாக இருந்தால் பூஜ்யம் என்றே கர்த்தரிடம் சொல்லுங்கள், அவருக்கு அதை வாசிக்கத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து அவரை நம்பிக் காத்திருங்கள். எங்களுக்காகவும் ஜெபியுங்கள்.

மே மாதம் மாமியாரே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். கை வந்துவிட்டதென்று நான் போன் போடவில்லை. ஊருக்கே போய், கை வரவில்லை, ஆனாலும் கொண்டு வாருங்கள் என்று ராணியின் தகப்பனார் காலைப் பிடித்துக் கேட்டேன். முதல் மூன்று மாதம் ஜெனி தாயிடம் போகவே இல்லை. விழுந்த நினைவோ என்னவோ, ராணி கையை நீட்டினால் கன்னியம்மா அக்கா சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். ராணி தூரத்தில் உட்கார்ந்து அவள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகுதான் பக்கத்தில் போய்ப் படுப்பாள்.

இப்போது ஜெனிக்கு மூன்று வயது ஆகப்போகிறது. சாயங்காலமானால் அம்மை மடியில் தானாக ஏறி உட்காருகிறாள். ராணியின் இடது கை அவளை அணைத்திருக்கும். வலது கை பக்கத்தில் தொங்கும். ஜெனிக்குப் பொறுமை கிடையாது, என் ரத்தம் அல்லவா? அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் இழுத்துத் தன் வயிற்றின் மேல் போட்டுக்கொள்ளப் பார்ப்பாள்.

“விடு மக்கா. அம்மையே கொண்டாருவா. பொறு” என்பேன்.

விட்டுவிடுவாள். மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சில நாள் மெல்ல மடங்கி வந்து அவளைச் சுற்றிக்கொள்ளும். சில நாள் வராது. வராத நாளிலும் ஜெனி மடியை விட்டு இறங்குவதில்லை.